பட்டாளத்துக் கோயிலின் பதினாறு துவாரங்கள்

பொறியாளர் மகேந்திரன் பொய் சொல்கிறார். விவரம் தெரியாமல் தப்பாகப் பேசவில்லை. தெரிந்தே சொல்கிறார்.

சிலாங்கூரில் ஈஜோக்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் பட்டாளத்துக் கோயிலைப் போன மாதம் விழா மண்டபமாகத் திறந்தார்கள். பழுதுபார்ப்புக்கு ஆலோசகர் மகேந்திரன். மேடையில் மாலை போட்டுக்கொண்டு இரண்டு செய்திகள் சொன்னார். முன்பு அந்தக் கூரையில் நடந்த விபத்துக்குக் காரணம் ஒரு தச்சனின் கவனக்குறைவாம். கூரை மரங்கள் கட்டிய நாளில் இருந்த அதே உறுதியோடு இன்றும் இருக்கின்றனவாம். நான் அங்கே இல்லை. என்னிடம் வேலை பார்த்த இரண்டு பேர் அந்தப் பேச்சைக் கைப்பேசியில் அனுப்பினார்கள். "அண்ணே, இது உண்மையா? நீங்கதானே அங்க இருந்தீங்க? எழுதுங்கண்ணே" என்று கீழே ஒரு வரி.

அந்தத் தச்சனுக்குப் பெயர் இருக்கிறது. ஆரோக்கியசாமி. பாசிர் பெனம்பாங்கில் மகன் வீட்டில் உயிரோடு இருக்கிறான். அவனும் அந்தப் பேச்சைப் பார்த்தான்.

என் பெயர் முனியாண்டி. சுங்கை சோவில் இருக்கிறேன். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, சிமெண்டு குழைத்து, செங்கல் சுமந்து, கரணை பிடித்துக் கொத்தனார் ஆனேன். பிறகு மண்டோர், வேலையாட்களுக்குத் தலைவன். வடசிலாங்கூர் தோட்டங்களில் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு குத்தகை நிறுவனத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். இவ்வளவு போதும். என் கதையைச் சொல்ல நான் எழுதவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே வரும் மாதம் ஜனங்கள் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிடப் போகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

கட்டடத்தைப் புரிந்துகொண்டால்தான் பொய்யும் புரியும். ஜப்பான்காரன் வருவதற்கு முன் அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாம் இருந்தது. முகாமுக்கு ஒரு தேவாலயம் வேண்டும் என்று பட்டாளத்துப் பொறியாளர்கள் படம் வரைந்தார்கள். தோட்டத்து ஆட்கள் கட்டினார்கள். பட்டாளம் போனதும் கட்டடம் தோட்ட நிர்வாகத்திடம் வந்தது. கொஞ்ச காலம் அரிசி மூட்டை அடுக்கினார்கள். பிறகு மாதம் ஒரு முறை பாதிரியார் வந்து ஆராதனை நடத்தினார். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, லயங்கள் காலியானதும் அதுவும் நின்றது. எங்கள் ஜனங்களுக்கு அது எப்போதும் பட்டாளத்துக் கோயில்தான்.

மற்ற தேவாலயம் மாதிரி அது இருக்காது. கோபுரம் இல்லை. மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு மணி தொங்கும் அளவுக்கு ஒரு வளைவு, அவ்வளவுதான். சன்னல்களின் அடி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். உள்ளே முழங்கால் போட்டிருப்பவனை வெளியிலிருந்து சுடக் கூடாது என்பதற்காக என்பார்கள். வெக்கை மேலே போவதற்காக என்பாரும் உண்டு. எது சரி என்று எனக்குத் தெரியாது. பெஞ்சுகளின் முதுகுப் பலகையில் வரிசையாக அரைவட்ட வெட்டுகள். சிப்பாய் துப்பாக்கியைச் சாய்த்து வைக்க. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் கீழே துப்பாக்கிக் கட்டை நிற்பதற்கும் பள்ளம் வெட்டியிருக்கிறது. சுவரில் செத்துப்போன சிப்பாய்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள். சுவர் ஒன்றரை முழக் கனம். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஒரு பிடி சிமெண்டு கிடையாது.

கூரைதான் முக்கியம். முக்கோண வடிவில் எட்டு மரச் சட்டங்கள் களிமண் ஓடுகளைத் தாங்குகின்றன. ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் மெர்பாவ் என்ற கடின மரத்தில் ஒரு நீளமான உத்தரம். அந்த உத்தரத்தின் இரண்டு முனைகளும் இரண்டு பக்கச் சுவர்களுக்குள் போய் உட்காருகின்றன. எட்டு உத்தரம், பதினாறு முனை. மொத்தக் கூரையின் கனமும் அந்தப் பதினாறு முனைகளில்தான் இறங்குகிறது.

கட்டியவன் கெட்டிக்காரன். முனைகளைச் சுவரில் புதைக்கவில்லை. ஒவ்வொரு முனைக்கும் சுவருக்குள் ஒரு பொந்து விட்டான். பொந்தின் அடியில் ஒரு கருங்கல். மரம் அந்தக் கல்லை மட்டும்தான் தொடும். மேலே, பக்கங்களில், பின்னால், எல்லாம் ஒரு விரல் இடைவெளி. பொந்திலிருந்து வெளிச்சுவர்வரை சுட்டமண் குழாய் பதித்த ஒரு வட்டத் துவாரம். இந்த ஊர் மழையில் சுண்ணாம்புச் சுவர் நனையும். வெயிலில் காயும். அந்த ஈரம் மரத்தில் தங்காமல் துவாரம் வழியாகக் காற்று வந்து போகும். அதனால்தான் அத்தனை வருஷம் அந்த மரம் இரும்பு மாதிரி நின்றது.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் மேற்பார்வையாளர் லிம். ஈஜோக்கில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். எங்களைத் தமிழில்தான் திட்டுவார்.

லிம் வருஷத்துக்கு ஒரு முறை பதினாறு முனைகளையும் சோதிப்பார். அதற்கு இரண்டு முழு நாள். ஏணியில் அவர் ஏறிவிட்டால் கீழே ஒருவரும் பேசக் கூடாது. முதலில் வெளித் துவாரத்தில் கையை விடுவார். கையில் காய்ந்த தூசி வந்தால் ஒரு தலையாட்டல். பிறகு உள்ளே வந்து சுத்தியலின் கட்டைப் பிடியால் உத்தரத்தைத் தட்டிக்கொண்டே சுவர்வரை போவார். சத்தம் மாறுகிறதா என்று கேட்பார். கடைசியில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மெல்லிய திருகுக் கம்பியை முனைப் பக்கமாகச் சாய்த்து இறக்குவார். கம்பியில் வரும் மரத்தூளை வெள்ளைத் தாளில் கொட்டி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். "மோந்து பாரு." தூள் சிவப்பாக, காய்ந்து, மர வாசனையோடு இருந்தால் அந்த ஓட்டையில் எண்ணெயில் முக்கிய ஆப்பை அடித்து, உத்தரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவார். முகர்ந்து பார்க்காமல் எந்த மரத்தையும் அவர் நல்ல மரம் என்று சொன்னதில்லை.

மகேந்திரன் அப்போது பட்டம் வாங்கி வந்து சேர்ந்த புதுப் பொறியாளர். முதல் தடவை பார்த்தபோதே கேட்டார்.

"மிஸ்டர் லிம், இதுக்குப் போய் ரெண்டு நாளா?"

லிம் ஏணியிலிருந்தே சொன்னார். "ஜாஸ்தியா? சரி. அரை நாள்ல முடிச்சிடறேன். ஆனா ஆராதனை நடக்கறப்ப நீ இந்த அஞ்சாவது உத்தரத்துக்குக் கீழ ஒக்காரணும். சம்மதமா?"

ஆரோக்கியசாமி சிரித்துவிட்டான். மகேந்திரன் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு செய்தி வந்தது. தகட்டில் பெயர் இருக்கும் சிப்பாய்களின் பேரப்பிள்ளைகள் கடல் கடந்து கோயிலைப் பார்க்க வருகிறார்கள். கூடவே பெரிய அதிகாரிகள். லிம் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். பொறுப்பு மகேந்திரனிடம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய துரை வருகிறார் என்றால் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்போம். லயத்துச் சுவர், வாய்க்கால் ஓரம், சாலையோரக் கல், தென்னைமரத்தின் அடிப்பாகம்கூட. தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒரு வாரம் முன்பே கத்த ஆரம்பிப்பார். துரை மோட்டாரில் ஐந்து நிமிஷம் சுற்றிவிட்டுப் போவார். எது கெட்டிருந்தாலும் பரவாயில்லை, கண்ணில் படக் கூடாது. என் அப்பாவுக்கு அந்தப் பழக்கம். எனக்கும் அதே. மகேந்திரனும் கிராணி வீட்டுப் பிள்ளைதான்.

சுண்ணாம்பு வேண்டாம், அழுக்குப் பிடிக்கும் என்று மகேந்திரன் சொன்னார். மெல்லிய சிமெண்டுப் பூச்சு பூசி, மேலே பளபளக்கும் பெயிண்டு அடிக்கச் சொன்னார். பாதிச் சுவர் முடிந்தபோது வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார். துவாரங்களில் குருவி கூடு கட்டியிருந்தது. கீழே எச்சம் வழிந்திருந்தது.

"முனியாண்டி, அது என்ன ஓட்டை?"

"காத்து போற ஓட்டை சார். உத்தரத்துக்கு."

"புதுப் பெயிண்டு மேல எச்சம் வழியுது பாரு. வெள்ளைக்காரன் போட்டோ எடுப்பான். அடைச்சிரு."

"லிம் சார் வந்ததும் கேட்டுக்கலாம் சார்."

"லிம் வயித்துல தையலோட படுத்திருக்காரு. இப்ப யாரு பாஸ்?"

ஏணியிலிருந்த ஆரோக்கியசாமி குறுக்கே பேசினான். "சார், கம்பி வலை அடிச்சிடலாம் சார். குருவி வராது, காத்து வரும். ஒரு நாள் வேலை லா."

"வலை துருப்பிடிச்சு ஒழுகும். ஒன்னைய நான் கேட்டனா? ஒனக்கு மரம், அவனுக்குச் சுவரு, எனக்கு ரெண்டும். அடைங்க."

நான் அடைத்தேன். இதை மறைக்கப் போவதில்லை. பதினாறு துவாரங்களிலும் செங்கல் துண்டை வைத்து, சிமெண்டை நெட்டி, மட்டப்பலகை போட்டு இழைத்து, மேலே பெயிண்டு அடித்தேன். துவாரம் எங்கே இருந்தது என்று கட்டியவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தம். விருந்தினர்கள் வந்து படம் எடுத்தபோது நான் வேப்பமரத்தடியில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மை.

லிம் ஒன்றரை மாதம் கழித்து வந்தார். நடை இன்னும் சரியாகவில்லை. சுவரைச் சுற்றி மெதுவாக வந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்தார். வேறு இடத்தில் வைத்தார். அண்ணாந்து பார்த்தார்.

"முனி, ஓட்டை எங்க?"

"அடைச்சாச்சு சார்."

"யாரு?"

"மகேந்திரன் சார் சொன்னாரு..."

"சொன்னவன் பேரு கேக்கல. கை யாருது?"

"என்னுது சார்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "மரத்த உசுரோட பொதைச்சிட்டியே லா" என்றார். அன்றைக்கே அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினார். பதினாறு துவாரங்களும் இன்னார் உத்தரவில், இன்னார் கையால் அடைக்கப்பட்டன. மழைக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். வெளிப்பூச்சைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும். அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, பிரதி ஒன்றை என்னிடம் கொடுத்தார். அந்தக் காகிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

மகேந்திரன், "அடுத்த தவணையில் பார்க்கலாம்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பினார். அடுத்த தவணை வருவதற்குள் லிம்மை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை. மகேந்திரன் மேலாளர் ஆனார். முனைச் சோதனை நின்றது. பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. சுவர் நன்று, கதவு நன்று, கூரை நன்று. தரையில் நின்று அண்ணாந்து பார்த்து நான் சரி போடுவேன். எட்டு வருஷம் போட்டேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், ஐந்தாவது சட்டத்துக்கு மேலே வடக்குப் பக்கம் ஒழுகுகிறது என்று தோட்டத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். பித்தளைத் தகடுகளின் மேல் தண்ணீர் வழிகிறது. நானும் ஆரோக்கியசாமியும் போனோம். காலை பத்து மணி இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்தது, மறுபடி பிடிக்கும் போல வானம் இருந்தது.

ஓடுகளை மாற்றுவது அவன் வேலை. ஏறுவதற்கு முன் நான் உள்ளே ஏணி போட்டு முனையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால், பெயிண்டு அந்த இடத்தில் பழுப்பாக உப்பியிருந்தது. தட்டினேன். மரத்தின் நடுப்பகுதியில் கணீர் என்ற சத்தம், சுவர்ப் பக்கம் போகப் போகச் செத்துப்போனது. திருகுக் கம்பியை இறக்கினேன். நல்ல மெர்பாவில் கம்பி இறங்கும்போது மணிக்கட்டில் ஒரு முறுக்கு தெரியும். மரம் எதிர்க்கும். ஒரு விரல்கடை ஆழம்வரை எதிர்த்தது. அதற்கப்புறம் எதிர்க்கவே இல்லை. கம்பி தானாக உள்ளே போனது. எடுத்து, தாளில் தட்டினேன். கறுப்பாக, ஈரமாக, காளான் நாற்றம் அடித்தது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மகேந்திரனுக்குப் போன் போட்டேன்.

"சார், அஞ்சாவது வடக்கு முனை போயிருச்சு சார். உள்ள ஒண்ணுமே இல்ல."

"மேல கொஞ்சம் ஊறியிருக்கும். மெர்பாவ் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஓடு மாத்துங்க மொதல்ல."

"முட்டுக் கொடுத்துட்டு ஏறலாம் சார்."

"முட்டுக்கு இரும்புக் குழாய் லோரில வரணும். நாலு நாள் ஆகும். தகடெல்லாம் நனையுது, தோட்டத்துல கேள்வி கேக்கறாங்க. நாலு ஓடுதானே? ஏறுங்க."

போனை வைத்தேன். ஆரோக்கியசாமி சுருட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

"என்னா சொல்றாரு?"

"ஏறச் சொல்றாரு."

"நீ என்னா சொல்ற?"

நான் மண்டோர். வேலை நடக்காது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"மெதுவா ஏறு" என்றேன்.

"மெதுவா விழறதுக்கா?" என்று சிரித்துக்கொண்டே ஏணியில் கால் வைத்தான்.

ஓடு மூன்று மாற்றினான். நான் உள்ளே நின்று ஐந்தாவது உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கவாட்டில் நகர்வது தலைக்கு மேலே கேட்டது. நாலாவது ஓட்டுக்குக் கை நீட்டியிருப்பான். சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முறியும் சத்தம் இல்லை. ஈரத் துணியைப் பிழிந்தால் வருமே, அப்படி. உத்தரத்தின் வடக்கு முனை கல்லை விட்டு இறங்கியது. ஒரு முழம் இறங்கிச் சுவரில் சிக்கி நின்றது. "ஆரோக்கியம், உக்காரு! அப்படியே உக்காரு!" என்று கத்தினேன். மேலே கைமரங்கள் விலகின. ஓடுகள் வரிசையாகச் சரிந்தன. அவற்றோடு அவனும் வந்தான். பெஞ்சின் முதுகுப் பலகையில், அந்தத் துப்பாக்கி வெட்டுகளின் மேலே, இடுப்பு அடிபட விழுந்தான்.

தூசி அடங்கியபோது கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டான். "மண்டோர், ஓடு எத்தன ஒடஞ்சது?"

பெஞ்சுப் பலகை ஒன்றைக் கழற்றி அதில் படுக்கவைத்து, லோரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு. அதற்குப் பிறகு அவன் கூரை ஏறவில்லை.

விசாரணை எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் மகேந்திரன். துவாரங்களை அடைக்கச் சொன்னது யார் என்று அவரே அவரைக் கேட்கப் போகிறாரா? என்னிடம் இரண்டு கேள்வி.

"விழறப்ப ஆரோக்கியசாமி இடுப்புல பாதுகாப்புப் பட்டை போட்டிருந்தாரா?"

"இல்ல."

"பலகை போட்டு நடந்தாரா, ஓட்டு மேல நடந்தாரா?"

"ஓட்டு மேல."

இரண்டும் உண்மைதான். எங்களில் ஒருவருக்கும் பட்டை கொடுத்ததே இல்லை என்பதை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கறுப்புத் தூள் மடித்த தாள் பையில் இருந்தது. லிம் எழுதிய குறிப்பு வீட்டுப் பெட்டியில் இருந்தது. இரண்டையும் வெளியே எடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

கூரையைச் சரிசெய்தபோது அந்த ஒரு முனையை மட்டும் திறந்தார்கள். கெட்டுப்போன பகுதியை அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து முடுக்கினார்கள். மறுபடி அடைத்துப் பூசினார்கள். "மத்த பதினஞ்சு சார்?" என்று கேட்டேன். "அதுல யாரும் விழலியே" என்றார் மகேந்திரன். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பதினைந்தையும் ஒருவரும் தொடவில்லை.

அந்தப் பேச்சைப் பார்த்த பிறகு நான் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் ஒரு பெண் பிள்ளை மேசை போட்டு முன்பதிவு எழுதிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர்சாதனம் எட்டு இடத்தில் ஓடுகிறது. சன்னலெல்லாம் கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள். உள்ளே குளிர், வெளியே வெக்கை, நடுவில் சிமெண்டும் பெயிண்டும் பூசி மூச்சு விடாத சுவர், அதற்குள் காற்று போக வழியில்லாத மரமுனை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளைக்கு வெளியே வேர்க்கிறதே, அதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. மூன்றாவது சட்டத்தின் தெற்கு முனைக்குக் கீழே பெயிண்டு பழுப்பாக உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். உள்ளே போனது.

"அங்கிள், சுவரத் தொடாதீங்க" என்றது அந்தப் பிள்ளை.

"இந்தக் கூரையைச் சோதிச்சாங்களாம்மா?"

"இன்ஜினியர் சர்டிபிகேட் இருக்கு அங்கிள். அவரே வந்து பார்த்துட்டுச் சைன் பண்ணாரு. டோன்ட் வொரி லா."

"ஏணி போட்டாரா?"

அது என்னை விசித்திரமாகப் பார்த்தது. பாவம், அதற்கு என்ன தெரியும்.

அன்றைக்கே மகேந்திரனுக்குப் போன் செய்தேன். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். "முனியாண்டியா? நல்லா இருக்கியா?" என்றார்.

"மூணாவது தெக்கு முனை உப்பியிருக்கு சார். அஞ்சாவது விழறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சு. பதினஞ்சயும் தெறந்து பாருங்க. அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க."

"ஓய்வு பெத்து இத்தன வருஷமாச்சு, இன்னும் ஒனக்கு மண்டோர் வேலையா?"

"ஆரோக்கியசாமியை ஏன் சார் மேடையில இழுத்தீங்க?"

நிதானமாகச் சொன்னார். "முனியாண்டி, ஓட்டைய அடைச்சது யாரு? நீ. படிவத்துல நன்றுன்னு போட்டது யாரு? நீ. விசாரணையில கையெழுத்து யாருது? ஒன்னோடது. பேப்பர்ல எழுதறதுன்னா எழுது. மொதல்ல ஒன் பேருதான் நாறும்."

போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் வாய் மூடியிருந்தேன். அவர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

பாசிர் பெனம்பாங்குக்குப் போனேன். ஆரோக்கியசாமி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகனின் கடைக்கு இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தான். கைத்தடி பக்கத்தில் சாய்ந்திருந்தது. நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"முப்பது வருஷம் கூரையில நடந்தவன்டா நான். கவனமில்லாதவன்னு மேடை போட்டுச் சொல்றான். என் பேத்தி அத பாத்துட்டு, 'தாத்தா, ஒங்களையா சொல்றாங்க?'ன்னு கேக்குது."

"அவருக்குப் போன் பண்ணேன்."

"என்னா சொன்னான்?"

"அடைச்ச கை என்னுது, கையெழுத்து என்னுதுங்கறாரு."

அவன் இறாலைக் கீழே வைத்தான். "உண்மைதானே?"

"உண்மைதான்."

"அன்னைக்கு நீ என்ன சொல்றேன்னு ஒன்னையதான் கேட்டேன் முனியாண்டி. அவனக் கேக்கல."

மகனின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆறும்வரை இருவரும் குடிக்கவில்லை.

"எழுதப் போறேன்" என்றேன்.

"எழுது. எம் பேரப் போடு. அவன் பேரப் போடு. ஒன் பேர மட்டும் மறைச்சே, அடுத்த தடவ இந்த வாசப்படி ஏறாதே."

மறைக்கவில்லை. பதினாறு துவாரங்களை அடைத்தவன் நான். ஏறாதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் மெதுவாக ஏறு என்றவன் நான். பேச வேண்டிய மேசை முன்னால் வாயை மூடிக்கொண்டு ஒரு நல்ல தொழிலாளியின் பெயரைக் கெடுக்கக் கையெழுத்துப் போட்டவன் நான். இதற்கு எந்தத் தண்டனை உண்டோ அதை ஏற்கிறேன். லிம் எழுதிய குறிப்பின் பிரதியை இந்தக் கட்டுரையோடு ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்.

மகேந்திரன் சார், இப்போது உங்கள் முறை. வரும் மாதம் முதல் ஞாயிறு அந்த மண்டபத்தில் முதல் கல்யாணம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கூரைக்குக் கீழே உட்காருவார்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முனையிலாவது கம்பி இறக்கிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எந்த முனை, தூள் என்ன நிறம்? பார்க்கவில்லை என்றால், அந்தக் கல்யாணத்துக்கு முன் பதினைந்தையும் யார் கண் முன்னால், எந்தத் தேதியில் திறப்பீர்கள்? ஆரோக்கியசாமியைப் பற்றி மேடையில் பேசியதை எந்த மேடையில் திரும்பப் பெறுவீர்கள்?

எனக்குப் போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டு, ஊர் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள். முதல் ஞாயிறுக்கு முன்னால்.